உள்குழியில் ஒரு முளை

கருப்பண்ணன் முதன்முதலில் சைக்கிளைத் தொட்டது ஏறி ஓட்டுவதற்காக அல்ல. தலையில் தூக்கிக்கொண்டு போவதற்காக.

கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் சாமையும் தினையும் விதைக்கிற குடும்பம் அவனுடையது. அந்தக் காலத்தில் மேலே ரோடு கிடையாது. மிளகோ பலாப்பழமோ விற்க வேண்டுமென்றால் தலைச்சுமையாகக் காரவள்ளிக்கு இறங்கி, அங்கிருந்து சேந்தமங்கலம் சந்தை வரை நடக்க வேண்டும். ஒருநாள் சந்தை முடிந்து வெறுங்கையோடு திரும்புகிறான். காரவள்ளிக்குச் சற்று முன்னால், புளியமரத்தடியில் ஒருவர் சைக்கிளைப் பிடித்தபடி வியர்வை வழிய நின்றிருந்தார். சேந்தமங்கலத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த நசீர் அகமது. பள்ளத்தில் இறங்கி முன்சக்கரம் கோணிப்போயிருந்தது. உருட்டவும் முடியவில்லை, விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை.

"தூக்கியாரட்டுங்களா சாயபு?"

"எதை? சைக்கிளையா?"

பேச்சு முடிவதற்குள் கருப்பண்ணன் துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, வண்டியைப் படுக்கைவாட்டில் தூக்கி ஏற்றிவிட்டான். மலைக்காரன் நடை. பின்னால் நசீர் ஓட வேண்டியிருந்தது. கடை வாசலில் இறக்கி வைக்கிற வரை அவன் எங்கேயும் நிற்கவில்லை.

நசீர் வண்டியைப் பார்க்கவில்லை. அவன் கெண்டைக்காலைப் பார்த்தார்.

"டேய், இது உன்னைத் தூக்கிட்டுப் போக வேண்டிய சாமான். நீ இதைத் தூக்கிட்டு வந்திருக்கே. நாளைக்கு வா, முறையை மாத்திக் காட்டறேன்."

மாற்றிக் காட்டினார். இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முந்திய கதை இது. கோயில் நோன்பித் திருவிழாக்களையும் மாட்டுச் சந்தைகளையும் ஒட்டி சைக்கிள் கடைக்காரர்கள் சேர்ந்து பந்தயம் வைப்பார்கள். ஒவ்வொரு கடைக்கும் ஓர் ஓட்டக்காரன். கடையின் பெயர் எழுதிய துணியை முதுகில் கட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். ஜெயித்தவன் கடையில் வாடகை வண்டிக்கு மறுநாளே கூட்டம் நிற்கும். நசீரிடம் மட்கார்டும் கேரியரும் கழற்றிய பந்தய வண்டி ஒன்றே ஒன்று இருந்தது. அது கருப்பண்ணனுக்கு வந்தது. மாதச் சம்பளமும் வந்தது.

மேட்டில் அவனை யாராலும் பிடிக்க முடியவில்லை. மற்றவர்கள் மூச்சு வாங்க எழுந்து நின்று மிதிக்கிற இடத்தில் அவன் உட்கார்ந்தபடியே, சுமைக்காரர்கள் ஏற்றத்தில் செய்வதுபோலப் பல்லிடுக்கில் 'ஸ்ஸ்' என்று காற்றை விட்டுக்கொண்டு மேலேறிப் போய்விடுவான். இறக்கம்தான் அவனுக்கு ஆகாது. சேலத்துக் கடை ஒன்றுக்காக ஓட்டிய அர்த்தனாரி இறக்கத்தில் அவனைத் தாண்டும்போது, "மலையாளி, இறங்கி நடந்து வாரயா?" என்று, கொல்லிமலைக்காரர்களைக் கீழே சொல்கிற பேரைச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போவான். அடுத்த மேட்டில் கருப்பண்ணன் அவனைத் தாண்டும்போது ஒன்றும் கேட்க மாட்டான். கேட்க மூச்சு இருந்தது. ஆனால் கேட்டால் 'ஸ்ஸ்' தப்பிவிடும்.

மலையில் இதை யாரும் ஒரு வேலையாக மதிக்கவில்லை. "உக்காந்துக்கிட்டுக் காலை ஆட்டறதுக்குச் சம்பளம் தர்றாங்களாமே கீழ" என்று ஊர்க்கவுண்டர் சின்னுசாமி சிரிப்பார். கருப்பண்ணனும் கூடச் சிரிப்பான். ஆனால் அவனுக்குள் ஒன்று நடந்திருந்தது. காடும் ஏரும் தலைச்சுமையும் அவன் பிறந்தபோதே அவனுக்காகக் காத்திருந்தவை. இது மட்டும் அவன் போய் எடுத்தது. தான் எடுத்ததைத் தக்கவைத்துக்கொள்ள ஒருவன் எதுவரை போவான்? அந்தக் கேள்வி வருமென்று அப்போது அவனுக்குத் தெரியாது.

ஒரு தை மாதப் பந்தயத்தில் அது வந்தது.

நாமக்கல்லில் புறப்பட்டு, மலையடிவாரம் தொட்டு, சேந்தமங்கலத்தில் முடிகிற பந்தயம். திரும்பும் வழியில் ஓர் ஓடைப்பாலம். பாலத்துக்கு முன் வளைந்து இறங்குகிற சரிவு. அன்றைக்கு அங்கே புதிதாகச் சரளை கொட்டியிருந்தார்கள். அர்த்தனாரி முன்னால் போக, விடக்கூடாது என்று கருப்பண்ணன் பிரேக்கைத் தொடாமல் இறங்கினான். பின்சக்கரம் வழுக்கியது.

மலையில் சுமையோடு இறங்குகிறவனுக்கு வழுக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. கால் தானாகச் செய்யும். வலதுகால் பக்கவாட்டில் பாய்ந்து மண்ணில் ஊன்றும், உடம்பு மேட்டுப்பக்கம் சாயும், சுமையும் ஆளும் பிழைப்பார்கள். அப்படித்தான் அவன் அப்பனும் அவனும் அந்தப் பாதையில் உயிரோடு இருந்தார்கள். அன்றைக்கும் கால் தன் வேலையைச் செய்தது. மிதியை விட்டுப் பாய்ந்து சரளையில் ஊன்றியது. ஆனால் சைக்கிள் நிற்கவில்லை. கால் அங்கே நின்றது, உடம்பு வண்டியோடு போனது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் பாலத்தடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டதாம்.

சேலத்து ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். எலும்பு சேரும், முழங்கால் பழையபடி மடங்காது என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். நசீர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து பெஞ்சியில் உட்கார்ந்து, அவற்றை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார்.

"மனசுல இருக்கறதைச் சொல்லுங்க சாயபு."

"எனக்கு இருக்கறது ஒரே வண்டி, கருப்பண்ணா. வர்ற தையில இதே பந்தயம் மறுபடி இருக்கு. அதுல நீ ஓட்டி, முதல் மூணு பேர்ல வந்தா வண்டி உன்கிட்டயே இருக்கட்டும். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன். என்னைத் தப்பா நினைக்காதே."

"தப்பா எதுக்குங்க நினைக்கறேன்? கடை நடக்கோணுமில்ல."

அவனைத் தொட்டில் கட்டி மலைக்குத் தூக்கிப் போனார்கள். மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் சூம்பிக் கிடந்தது. முழங்கால் பாதிவரை மடங்கியது. அதற்குமேல் பலகைபோல நின்றுகொண்டது. குந்த முடியாது. சாப்பிட உட்கார்ந்தால் ஒரு காலை நீட்டி வைத்துக்கொள்ள வேண்டும். சமதரையில் சாய்ந்து சாய்ந்து நடக்கலாம், சுமையோடு இறக்கத்தில் நடக்க முடியாது. கீழே எடுத்த வேலையும் போய், மேலே பிறந்த வேலையும் போய், இடையில் எங்கோ நிற்பது போலிருந்தது அவனுக்கு. அந்த நாட்களில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். முற்றத்துக் கோழிகூட அவன் பக்கம் வருவதில்லை என்று அவன் மனைவி பாப்பாயி பிற்பாடு சொல்லிச் சிரிப்பாள்.

மிளகுச் சுமை இப்போது அவள் தலைக்கு வந்திருந்தது. அவளும் அவள் தம்பி செங்கோடனும் சந்தைக்கு இறங்கினார்கள். அப்படிப் போன ஒரு நாள் அவள் நேராக நசீர் கடைக்குப் போய், உள்ளே தொங்கிய பந்தய வண்டியைக் காட்டி, "இதைக் குடுங்க, மேல கொண்டு போறேன்" என்றாள்.

"மலைக்கா? அங்க எங்கம்மா ஓட்டறது?"

"ஓட்டறாரோ இல்லையோ, கண்ணுல படட்டுமுங்க. ஊட்டுல இருக்கற மனுசன் சுவத்தையே பாத்துக்கிட்டிருக்கறாருங்க."

நசீர் தயங்கினார். உள்ளேயிருந்து அவர் மனைவி ஹாஜிரா பீவியின் குரல் வந்தது: "குடுத்தனுப்புங்க. இங்க தொங்கி என்ன முட்டை போடுதா?"

செங்கோடன் இரண்டு சக்கரங்களையும் தோளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டான். வண்டியின் உடம்பைப் பாப்பாயி தூக்கினாள். பழக்கமான சுமையாக இருந்தால் தலையில் நிற்கும். இதுவோ கொம்பும் குழாயுமாகத் தலையில் நிலைகொள்ளவில்லை. ஏற்றம் முழுவதும் வலது தோளில் மாட்டி, கையால் இழுத்துப் பிடித்தே வந்தாள். வீட்டு முற்றத்தில் இறக்கியபோது கையை மேலே தூக்க முடியவில்லை. கருப்பண்ணன் வண்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"என்ன பாக்கறீங்க? மாட்டுங்க சக்கரத்தை."

ஊரில் சமதரை என்றால் கதிரடிக்கிற களம் ஒன்றுதான். களத்தில் செருப்புப் படக்கூடாது என்பது அந்த நாட்டின் கட்டுப்பாடு. கருப்பண்ணன் வண்டியை உருட்டி வருவதைப் பார்த்த சின்னுசாமி குறுக்கே கையை நீட்டிவிட்டார். குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தார்.

"இது செருப்பு மாதிரியில்ல இருக்குது? கழட்டிப் போட்டுட்டு ஓட்டு."

"கழட்டுனா வண்டி ஓடாதுங்க மாமா."

"அப்பக் களம் ஆகாது. தானியம் விழற எடத்துல தோலு படக்கூடாது."

"தோலு இல்லீங்க. ரப்பரு. மரத்துல வடியற பாலு. நம்ம பலாப் பிசினு மாதிரிதானுங்க."

"மரத்துப் பாலா?" சின்னுசாமி மூக்கை டயரில் வைத்து இழுத்து மோந்தார். கூடியிருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். "நாத்தம் என்னமோ தோலு நாத்தமில்லை. சரி, சுத்து. முடிச்சதும் களத்தக் கூட்டி உடோணும்."

கூட்டுவதற்குப் பெரிய வேலை வைக்கவில்லை அவன். செங்கோடன் சீட்டைப் பிடித்துக்கொள்ள, ஏறி உட்கார்ந்து இடதுகாலால் ஓங்கி மிதித்தான். வலது மிதி மேலே எழும்பி வந்தது. முழங்கால் ஓரிடம் வரை மடங்கியது, பிறகு முடியாது என்றது. மிதி மேலே போகத் துடிக்க, கால் தடுக்க, வண்டி நட்டுக்கொண்டு நின்று சாய்ந்தது. மறுபடி ஏறினான். மறுபடி அதே இடம். ஊரே வந்து பார்த்தது. "பாதிச் சுத்துக்குப் பாதிச் சம்பளம் தருவாங்களா?" என்று யாரோ கேட்டார்கள். நாளும் களத்துக்குப் போனான், விழுந்தான், களத்தைக் கூட்டிவிட்டு வந்தான். முழங்காலை எண்ணெய் தேய்த்து வளைத்துப் பார்த்தான். கண்ணில் நீர் வந்ததே தவிர மடிப்பு வரவில்லை. இதை விடாமுயற்சி என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரே சுவரில் திரும்பத் திரும்ப முட்டுவதற்கும் அதே பேர்தானா? அவனுக்கே அந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒருநாள் வண்டியைச் சுவரோரம் சாத்திவிட்டு, செங்கோடனைப் பார்த்து, "இனி சந்தைக்குப் போறப்பத் திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்துடு" என்றான்.

பாப்பாயி திரிகையில் சாமை உடைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்தது.

கருப்பண்ணன் காலை நீட்டி எதிரே உட்கார்ந்தான். திரிகை வழக்கம்போலச் சுற்றவில்லை. வட்டம் சின்னதாக, சத்தம் வேறாக இருந்தது. மேல்கல்லில் கைப்பிடி முளையைச் செருக இரண்டு குழிகள் உண்டு, விளிம்பில் ஒன்று, நடுவுக்குப் பக்கத்தில் ஒன்று. உள்குழியைச் சிறு பிள்ளைகள்தான் விளையாட்டுக்குப் பயன்படுத்துவார்கள். பாப்பாயி முளையை அதில் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள். நெற்றி முழுக்க வியர்வை.

"ஏ புள்ள, எதுக்கு உள்ளாற போட்டிருக்கற?"

"தோளு எட்ட மாட்டேங்குதுங்க. அன்னிக்கு உங்க வண்டி இழுத்த இழுப்பு. வெளிய போட்டா கை சுத்தி வர மாட்டேங்குது. கிட்டப் போட்டா வருது."

"பாரமா இருக்குமே?"

"பாரமாத்தான் இருக்குது. அதுக்காகச் சாமை உடைக்காம பட்டினி கிடக்கறதுங்களா?"

கருப்பண்ணன் வெகுநேரம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கை முழுசாக நீளவில்லை. ஆனாலும் கல் முழுசாகச் சுற்றியது. பிறகு தரையை உந்தி எழுந்து வண்டியிடம் போய், வலது மிதியையும் அது மாட்டியிருந்த கிராங் என்கிற இரும்புக் கையையும் தடவினான். மிதி மரையிடும் குழி அதன் நுனியில் இருந்தது. நடுவில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தான்.

"செங்கோடா, திருப்பிக் குடுக்க வேண்டாம். நானும் கீழ வாரேன்."

அவன் இறங்கியதே ஒரு காட்சி. செங்குத்தான இடங்களில் திரும்பி நின்று, மலையைப் பார்த்தபடி, ஏணியில் இறங்குகிறவன்போலப் பின்பக்கமாக இறங்கினான். கீழேயிருந்து ஏறி வந்தவர்கள் அவன் மலையேறுகிறான் என்றே நினைத்து, "ஏனுங்க, கூடவே போலாமுங்க" என்றார்களாம்.

நசீர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இடது நீளம், வலது குட்டையா? வண்டி நொண்டும்டா."

"நானும் நொண்டறேன், அதும் நொண்டட்டும். சோடி சேருமுங்க."

கொல்லர் கிராங்கைக் காய்ச்சி, நடுப்பகுதியை அகலமாக அடித்துக் கொடுத்தார். நசீர் அதில் துளை போட்டு மரை வெட்டினார். நுனிக்குழி வெறுமனே கிடக்க, மிதி உள்குழிக்கு வந்தது. கடை வாசலில் கருப்பண்ணன் ஏறி மிதித்தான். வலதுகால் சின்ன வட்டம், இடதுகால் பெரிய வட்டம். முழங்கால் தன் எல்லை வரை மடங்கியது. அதற்குள் மிதி உச்சியைத் தாண்டிவிட்டது. சுற்று முடிந்தது. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தவனின் முகத்தைப் பார்த்த ஹாஜிரா பீவி உள்ளே போய் அவனுக்குச் சாப்பாடு எடுத்து வைத்தார்.

பாரம் உண்மையாகவே அதிகம். வலதுகாலின் குறையை இடதுகால் சுமக்க வேண்டியிருந்தது. நசீர் கடையிலேயே தங்கி அதை மாதக்கணக்கில் பழக்கினான். காரவள்ளி ரோட்டில் காலையும் மாலையும் அவனைப் பார்க்கலாம். மேட்டில் பழைய 'ஸ்ஸ்' திரும்பிவிட்டது. ஆனால் சரிவு வந்தால், வண்டி இம்மி அசைந்தாலும், வலதுகால் மிதியை விட்டு வெளியே பாய்ந்தது. அவன் போகச் சொல்லவில்லை, அதுவே போனது. உடைந்ததும் அந்தக் கால்தான், பயந்ததும் அந்தக் கால்தான். இதைத் திட்டியும் பார்த்தான், கெஞ்சியும் பார்த்தான். தலைமுறை தலைமுறையாக உயிரைக் காப்பாற்றிய பழக்கம் ஒரு சைக்கிளுக்காக விலகி நிற்குமா?

பந்தயம் நெருங்கியபோது கத்தாழை நாரில் சுமை கட்டும் கயிறு ஒன்றை எடுத்து, பாதத்தையும் மிதியையும் சேர்த்துக் கட்டிப் பார்த்தான். சந்தைக்கு வந்திருந்த பாப்பாயி பதறிப்போனாள்.

"கட்டிக்கிட்டு விழுந்தா வண்டியோடவே போவீங்களே!"

"அவுத்து விட்ட காலுதானே புள்ள உடைஞ்சது."

முடிச்சு சரியில்லை என்று அவிழ்த்து, அவளே மறுபடி கட்டினாள். பலாச்சுமைக்குப் போடுகிற முடிச்சு. இழுத்தால் இறுகும்.

தைப் பந்தயத்தன்று புறப்படும் இடத்தில் அர்த்தனாரி வந்து கிராங்கைக் குனிந்து பார்த்தான்.

"ஏப்பா, இதென்ன ஒரு கொம்பு குட்டை? வண்டிக்கும் காலு முறிஞ்சிருச்சா?"

"ஆமாங்க. இரக்கம் பாத்து முன்னால விடுங்க."

அர்த்தனாரி சிரித்தான். கயிற்றைக் கண்டதும் சிரிப்பு நின்றது. அவிழ்ந்திருந்த கயிற்று நுனியைத் தானே எடுத்து உள்ளே செருகிவிட்டு, தன் வண்டிக்குப் போனான்.

மலையடிவாரம் வரை கருப்பண்ணன் ஐந்தாவதோ ஆறாவதோ. அடிவாரத்து மேட்டில் ஒவ்வொருவராகத் தாண்டினான். திரும்பும்போது முன்னால் இரண்டு பேர். பின்னால், முதுகில் மூச்சு படும் தூரத்தில், ராசிபுரத்துக்காரன் ஒருவன். ஓடைப்பாலத்துச் சரிவு வந்தது. இந்த வருஷம் சரளை இல்லை. ஆனால் மாட்டு வண்டிகள் உழுதுபோட்ட புழுதி. வளைவில் பின்சக்கரம் மெல்ல வெளியே நகர்ந்தது.

வலதுகால் பாய்ந்தது. கயிறு இழுத்துப் பிடித்தது. இன்னொரு தடவை உதறியது. கயிறு தோலை அறுத்தது, விடவில்லை. கால் போக முடியாததால் உடம்பும் போகவில்லை. இரண்டும் வண்டிமேலேயே இருந்தன. சக்கரம் புழுதியில் நெளிந்து, தானே நேராகி, பாலத்தின்மேல் ஏறியது. அதற்குப் பிறகு சேந்தமங்கலம் வரை அவன் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது. ஊர்ச் சனம் முதலில் வந்த அர்த்தனாரியைத் தோளில் தூக்கிக்கொண்டிருந்தது. கருப்பண்ணன் கோட்டைத் தாண்டி, பிரேக் பிடித்து, வழக்கம்போல வலதுகாலை ஊன்றப் போனான். அப்போதுதான் கட்டியிருப்பது ஞாபகம் வந்தது. வண்டியோடு, மரம் சாய்வதுபோல, நடுத்தெருவில் விழுந்தான்.

நசீர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தார். "காலு? கருப்பண்ணா, காலு என்னாச்சு?"

அவன் புழுதியில் கிடந்தபடியே சிரித்தான். "கட்டியிருக்குதுங்க சாயபு. எங்கயும் போகலீங்க."

வண்டி அவனிடமே இருந்தது. யுத்தத்தில் டயர் கிடைக்காமல் போகிற வரை அந்தக் குட்டைக் கிராங்கோடுதான் பந்தயங்களில் ஓட்டினான். முதலாவதாக மறுபடி வந்தானா என்றால், இரண்டு முறை. அதைவிடப் பெரிய விஷயம், ஓட்டக்காரர்கள் பலர் மிதியோடு காலைக் கட்டிக்கொள்ளத் தொடங்கினார்கள், அர்த்தனாரிதான் முதலில்.

அந்தத் தைப் பந்தயம் முடிந்து மலையேறிய அன்று பாப்பாயி முற்றத்தில் திரிகை சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"எத்தனாவதுங்க?"

"மூணாவது."

"முன்னால போன ரெண்டு பேருக்கும் ரெண்டு காலும் மடங்குமா?"

"மடங்கும்."

"அப்பச் சரி."

கருப்பண்ணன் சிரித்துக்கொண்டே காலை நீட்டி உட்கார்ந்தான். அப்புறம்தான் கவனித்தான். முளை வெளிக்குழியில் இருந்தது. அவள் கை அகலமாக, சுளுவாக, பெரிய வட்டத்தில் போய் வந்தது. தோள் ஆறிவிட்டிருந்தது. தன் முழங்கால் அப்படி ஆறப்போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். அவள் கையைப் பார்த்து வந்தது பொறாமையா, நிம்மதியா, அவனுக்கே பிடிபடவில்லை.

"தள்ளு கொஞ்சம்" என்று நகர்ந்து, முளையில் அவள் கைக்கு மேல் தன் கையை வைத்தான். கல் சுற்றியது.